ஹாவெல் நதிக்கரைக் கோட்டையும் அதன் இரண்டு சரணடைதல்களும்

பெர்லின் நகரின் மேற்குக் கோடியில், ஷ்பாண்டாவ் பகுதியில், ஹாவெல் நதியின் நடுவே ஒரு கோட்டை நிற்கிறது. யு-7 சுரங்க ரயிலில் வந்து, அந்தக் கோட்டையின் பெயரையே தாங்கிய நிலையத்தில் இறங்கி மேலேறினால், சில நிமிட நடையில் அகழிப் பாலத்தை அடைந்துவிடலாம். நான் போனது ஒரு ஜனவரி மாதக் காலை. அகழியின் ஓரங்களில் மெல்லிய பனித்தகடு படிந்திருந்தது. நடுவில் கறுத்த நீர் அசையாமல் கிடந்தது. அந்த நீரில் செங்கல் மதிலின் நிழல் தலைகீழாக விழுந்திருந்தது. பாலத்தைக் கடக்காமல் வெகுநேரம் நின்று, வாயிலுக்கு மேலே இருந்த மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டையைக் காண வருகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளே உயர்ந்து நிற்கும் கோபுரத்துக்காக வருகிறார்கள். நான் வந்தது அந்த மாடத்துக்காக. 1945 மே முதல் தேதி அதிலிருந்து ஒரு நூலேணி தொங்கியது. அந்த நூலேணியால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன.

ஷ்பாண்டாவ் கோட்டையின் வரலாற்றில் முக்கியமான சரணடைதல்கள் இரண்டு உண்டு. 1806-இல் நடந்ததை ஒரு நாடே அவமானம் என்று எண்ணியது. 1945-இல் நடந்ததை நினைத்து நன்றி சொல்லத் தோன்றுகிறது. ஒரே கோட்டை, ஒரே செயல், முற்றிலும் வேறான இரண்டு தீர்ப்புகள். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது அந்த வேறுபாடுதான்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெர்லின் நகரின் நடுவே ஓடிவரும் ஷ்ப்ரே நதி, இந்தக் கோட்டைக்குச் சற்றுத் தெற்கே ஹாவெல் நதியோடு கலக்கிறது. இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் படகுப் பாதைகளும் கூடும். படகுப் பாதைகள் கூடும் இடத்தில் சுங்கமும் சந்தையும் காவலும் தாமாகவே வந்து சேரும். ஜெர்மானியர்கள் இந்த நிலத்தைக் கைப்பற்றுவதற்கு முன்பே ஸ்லாவிய மக்கள் இங்கே மரமும் மண்ணும் கொண்டு அரண் கட்டி வாழ்ந்தார்கள். ஷ்பாண்டாவின் பெயர் 1197-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் முதன்முதலாகத் தென்படுகிறது. அதற்கடுத்த நூற்றாண்டில் எழுந்ததாகக் கருதப்படும் வட்டவடிவ யூலியுஸ் கோபுரம், சுமார் 30 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. இதைப் பெர்லினின் மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்றாகக் கொள்கிறார்கள். கோபுரத்தின் உச்சியில் இருக்கும் பல்வரிசை போன்ற மகுடம் பழையதன்று. 1838-இல் கட்டடக் கலைஞர் கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஷிங்கெலின் வடிவமைப்பின்படி வைக்கப்பட்டது.

கோபுரத்தின் அருகிலேயே, ஆட்சியாளர் தங்குவதற்கென இடைக்காலத்தில் கட்டிய மாளிகை ஒன்று இருக்கிறது. அதன் சுவர்களிலிருந்தும் அடித்தளத்திலிருந்தும் எழுபதுக்கும் மேற்பட்ட யூதக் கல்லறைக் கற்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பழையது 1244-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1510-இல் பெர்லினில் யூதர்கள்மீது பொய்க் குற்றம் சாட்டிப் பலரைத் தீயிலிட்டுக் கொன்றார்கள். எஞ்சியவர்களைப் பிராண்டன்பர்க் நாட்டை விட்டே துரத்தினார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போன கல்லறைத் தோட்டம், கட்டடம் எழுப்புகிறவர்களுக்குக் கற்சுரங்கம் ஆகிவிட்டது.

மீட்கப்பட்ட அந்தக் கற்கள் இப்போது கோட்டைக்குள்ளேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஒரு கல்லின் முன்னால் குனிந்து நின்றேன். எபிரேய எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்துகளின் பள்ளம் ஒரே ஆழத்தில், வரி பிசகாமல் போவதைக் கண்டால், செதுக்கியவர் அவசரப்படவில்லை என்பது விளங்கும். யாரோ ஒருவர் தம் தாய்க்கோ தந்தைக்கோ பெயர் நிலைக்க வேண்டும் என்று பணம் கொடுத்துச் செய்வித்த வேலை அது. அந்தப் பெயர் சுவருக்குள் புதைந்து, நூற்றாண்டுக் கணக்கில் ஒருவர் கண்ணிலும் படாமல் பாரம் தாங்கிக்கொண்டிருந்தது. கோட்டையைப் பற்றிய எந்த வரலாறும் மதிலில் தொடங்குவதைக் காட்டிலும் இந்தக் கற்களில் தொடங்குவதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று நாம் காணும் கோட்டை 1559-க்கும் 1594-க்கும் இடையில் எழுந்தது. அதைத் தொடங்கியவர் இரண்டாம் யோவாகிம். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்த சிற்றரசர்களுள் ஒருவரான பிராண்டன்பர்க் ஆட்சியாளர் அவர். பீரங்கி வந்த பிறகு இடைக்காலக் கோட்டைகளால் பயன் இல்லாமல் போயிருந்தது. உயரமான மெல்லிய மதில்களைக் குண்டுகள் எளிதில் சரித்தன. வட்டக் கோபுரங்களிலோ வேறொரு குறை இருந்தது: கோபுரத்தின் அடியில், மேலே நிற்பவர்களும் பக்கத்துக் கோபுரத்தில் நிற்பவர்களும் குறிபார்க்க முடியாத ஓர் இடம் எப்போதும் எஞ்சும். எதிரி அந்த இடத்தை அடைந்துவிட்டால் மதிலைத் தோண்டலாம், வெடிமருந்து வைக்கலாம். இத்தாலியப் பொறியாளர்கள் இதற்குக் கண்ட தீர்வுதான் கூர்முனைக் கொத்தளம். மதிலைத் தாழ்வாகவும் தடிப்பாகவும் எழுப்பி, மூலைகளில் அம்பு முனையைப் போல வெளியே நீளும் கொத்தளங்களை வைத்தால், ஒவ்வொரு கொத்தளத்தின் முகத்தையும் அடுத்த கொத்தளத்தின் விலாவிலிருந்து சுடலாம். அப்போது எதிரி ஒதுங்கி நிற்க ஓரடி மறைவும் கிடைக்காது.

ஷ்பாண்டாவில் இந்த முறையை அநேகமாகப் பாடநூல் படத்தைப் போலவே காணலாம். ஏறத்தாழ 200 மீட்டர் பக்கமுள்ள சதுரம், நான்கு மூலைகளில் நான்கு கொத்தளங்கள், சுற்றிலும் நீர். தெற்கில் இருப்பவை மன்னர் கொத்தளமும் அரசி கொத்தளமும். வடக்கில் இருப்பவை பட்டத்து இளவரசர் கொத்தளமும் பிராண்டன்பர்க் கொத்தளமும். வேலையை நெடுங்காலம் நடத்தியவர் பிரான்செஸ்கோ கியாரமெல்லா என்ற இத்தாலியர். 1578-இல் அவரிடமிருந்து பொறுப்பை ஏற்று முடித்தவர் ரோகுஸ் லீனார் பிரபு. இத்தாலியில் பிறந்து, பிரெஞ்சு மன்னரிடம் பணிபுரிந்து, புராட்டஸ்டன்ட் சமயத்தைத் தழுவி, ஜெர்மன் அரசவைகளுக்கு வந்து சேர்ந்தவர் அவர். ஷ்பாண்டாவ் ஊரின் புனித நிக்கோலஸ் தேவாலயத்துக்குப் பலிபீடம் ஒன்றைச் செய்தளித்தார். அங்கேயே அடக்கமும் ஆனார். கோட்டையைச் சுற்றி நடக்கையில் தெற்குக் கொத்தளங்களுக்கும் வடக்குக் கொத்தளங்களுக்கும் இடையே விலாப் பகுதியின் வடிவம் மாறியிருப்பதைக் கவனிக்கலாம். கட்டி முடிக்க ஆன முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் கோட்டைக் கலை ஒரு படி முன்னேறிவிட்டதை அந்த மாற்றம் காட்டுகிறது.

கோட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1567-இல், இரண்டாம் யோவாகிம் பெர்லின் மக்களையும் ஷ்பாண்டாவ் மக்களையும் தடிகளைக் கொடுத்து ஒருவரோடொருவர் மோதவிட்டார். ஹாவெல் நதியின் மேலும் கரையிலும் நடந்த இந்த விளையாட்டுப் போரில் சிற்றரசர் எதிர்பார்த்ததற்கு மாறாக ஷ்பாண்டாவ்க்காரர்கள் வென்றார்கள். அதற்குப் பரிசாக அவர்களுடைய மேயர் சிறைக்குப் போனார். ஊர் மக்கள் இந்தக் கதையை இன்றும் மறக்கவில்லை.

அதன் பிறகு கோட்டை போருக்குப் பயன்பட்டதைவிடச் சிறையாகவே அதிகம் பயன்பட்டது. யோவாகிமின் காதலியான அன்னா ஸூடோவை அவருடைய மகன் இங்கேதான் அடைத்தார். 1575-இல் அன்னா சிறையிலேயே இறந்தார். நெப்போலியனுக்கு எதிரான நாட்டுப்பற்று உணர்வை உடற்பயிற்சிக் கழகங்கள் வழியாக வளர்த்த ஃப்ரீட்ரிஷ் லூட்விக் யான் என்பவரை, 1819-இல், பிராண்டன்பர்க்கை உள்ளடக்கிய பிரஷ்ய அரசே பிடித்து இங்கே வைத்தது. ஒரு தவறான எண்ணத்தையும் இந்த இடத்தில் திருத்திவிட வேண்டும். ருடோல்ஃப் ஹெஸ் உள்ளிட்ட நாஜித் தலைவர்கள் தண்டனை அனுபவித்த ஷ்பாண்டாவ் சிறை இந்தக் கோட்டையன்று. அதே பகுதியில் வேறோர் இடத்தில் இருந்த அந்தக் கட்டடம் 1987-இல் இடிக்கப்பட்டது.

முப்பதாண்டுப் போரின்போது, 1631-இல், பிராண்டன்பர்க் ஆட்சியாளர் ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடோல்ஃபின் நெருக்குதலுக்கு இணங்கிக் கோட்டையை அவருடைய படையிடம் ஒப்படைத்தார். சண்டை நடக்கவில்லை. வல்லரசு கதவைத் தட்டும்போது கோட்டையின் கூர்முனைகள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் போதாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1806-க்கு வருவோம். அக்டோபர் 14-இல் யேனா, அவர்ஷ்டெட் களங்களில் நெப்போலியனின் படைகள் பிரஷ்யப் படையை நொறுக்கின. பதினொரு நாள் கழித்து, அக்டோபர் 25-இல், பிரெஞ்சுப் படை ஷ்பாண்டாவ் வாயிலுக்கு வந்து நின்றபோது, கோட்டைத் தளபதி சண்டையிடாமலே சரணடைந்தார். அடுத்த சில வாரங்களுக்குள் ஸ்டெட்டின், மாக்டெபர்க் முதலிய வலுவான கோட்டைகளும் அதே வழியில் போயின. கோல்பெர்க் போன்ற மிகச் சிலவே தாக்குப் பிடித்தன. போர் முடிந்த பின் பிரஷ்யா தன் அதிகாரிகளை விசாரணைக் கூண்டில் ஏற்றியது. ஷ்பாண்டாவ் தளபதிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மன்னர் அதைச் சிறைத் தண்டனையாகக் குறைத்தார்.

அந்தத் தளபதியைக் கோழை என்று சொல்லிவிடுவது எளிது. பெருமளவு படை சிதறிவிட்டது, அரசர் தலைநகரை விட்டுக் கிழக்கே போய்விட்டார், கோட்டையின் பராமரிப்பும் நெடுங்காலமாக மோசமாக இருந்தது. இத்தனையும் உண்மைதான். ஆயினும் நான் அவரை முழுமையாக மன்னிக்கத் தயாராக இல்லை. அந்தக் கோட்டைக்குள் அன்று காப்பாற்ற வேண்டியிருந்தவை பீரங்கிகளும் தளவாடங்களும். அவற்றை எதிரிக்குப் பயன்படாமல் செய்யக்கூட அவர் முயலவில்லை. அவருடைய சரணடைதல் தம்மைத் தவிர வேறு எவரையும் காக்கவில்லை.

அந்த எளிய ஒப்படைப்புக்குரிய விலையை ஊர் மக்கள் ஆறரை ஆண்டுக்குப் பின் கொடுத்தார்கள். 1813 ஏப்ரலில் கோட்டைக்குள் பிரெஞ்சுக்காரர்கள் இருக்க, வெளியே ரஷ்யர்களும் பிரஷ்யர்களும் முற்றுகையிட்டார்கள். இந்தக் கோட்டை தன் முழு வலுவோடு முற்றுகையைத் தாங்கி நின்றது அந்த ஒரு தடவைதான். அதுவும் தன்னைக் கட்டிய நாட்டுக்கு எதிராக. குண்டு விழுந்து அரசி கொத்தளத்தின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. கோட்டைக்குள்ளிருந்த கட்டடங்கள் பெரும் சேதம் அடைந்தன. மாத இறுதிக்குள் பிரெஞ்சுப் படை பணிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டைக்குப் புதியதொரு வேலை வந்தது. 1870-71 போரில் தோற்ற பிரான்ஸ், ஜெர்மனிக்கு 500 கோடி ஃபிராங்க் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து 12 கோடி மார்க்கை அடுத்த போருக்கான முதலாக ஒதுக்கி வைக்கச் சட்டம் இயற்றினார்கள். 1874 முதல் அந்தப் பணம் முழுவதும் தங்க நாணயங்களாக யூலியுஸ் கோபுரத்துக்குள் கிடந்தது. பெட்டிக்கு ஒரு லட்சம் மார்க் வீதம் 1,200 பெட்டிகள். ஒரு பெட்டியில் உள்ள நாணயங்களின் எடை மட்டும் ஏறத்தாழ 40 கிலோ. மொத்தத்தில் சுமார் 43 டன் சுத்தத் தங்கம். கோபுர வாயிலில் அதற்காகப் பொருத்திய கனத்த எஃகுக் கதவு இன்றும் இருக்கிறது. நான் கையால் தள்ளிப் பார்த்தேன், அது அசையவில்லை. நாற்பது ஆண்டுகள் வட்டியும் ஈட்டாமல், ஒரு பள்ளிக்கூடமோ பாலமோ கட்டவும் உதவாமல், போர் எப்போது வரும் என்று காத்துக் கிடந்த தங்கம் அது. 1914-இல் போர் வந்தது. தங்கம் மத்திய வங்கிக்குப் போனது. போரின் உண்மையான செலவுக்கு முன்னால் அது சில நாள்களுக்குக்கூடப் போதவில்லை. 1950-களில் மேற்கு ஜெர்மனியின் நிதியமைச்சர் ஃப்ரிட்ஸ் ஷேஃபர் படைச் செலவுக்கென ஒதுக்கிய பல நூறு கோடி மார்க் செலவாகாமல் சேர்ந்துகொண்டே போனபோது, மக்கள் அந்தக் குவியலுக்கு யூலியுஸ் கோபுரம் என்றே பெயர் வைத்தார்கள். அரசின் உபரிப் பணத்தை ஜெர்மானியர்கள் இன்றும் அந்தப் பெயரால் குறிப்பிடுவதுண்டு.

தங்கம் போன கோட்டைக்கு 1935-இல் நஞ்சு வந்தது. நாஜி அரசின் ராணுவம் தன் வாயுப் பாதுகாப்பு ஆய்வகத்தை இங்கே அமைத்தது. பெயரில் பாதுகாப்பு இருந்தாலும் வேலை வேறு. பூச்சிமருந்து ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர் 1936-இல் தபூன் என்ற நரம்பு நஞ்சைக் கண்டறிந்தார். 1938-இல் அதைவிடக் கொடிய சாரின் வந்தது. தசைகளுக்கு நரம்பு அனுப்பும் கட்டளையை நிறுத்தச் செய்யும் நொதியை இவை முடக்குகின்றன. இறுகிய தசை தளர மறுக்கிறது. மூச்சுவிடும் தசைகளும் அதற்கு விலக்கில்லை. சிறு துளியே ஒருவரைக் கொல்லப் போதும். இத்தகைய பொருள்களைச் சோதித்துப் போர்க்கருவி ஆக்கும் பணி ஷ்பாண்டாவ் மதில்களுக்குள் நடந்தது. மாநகரின் எல்லைக்குள், மக்கள் வாழும் தெருக்களுக்கு அருகில், ஆற்று நீர் சூழ்ந்த இடத்தில் அதை நடத்தினார்கள் என்பதைப் படித்த நாளிலிருந்து இந்தக் கோட்டையின் அழகை என்னால் தனியாகப் பிரித்து ரசிக்க முடிவதில்லை.

1945 ஏப்ரல் இறுதியில் சோவியத்தின் 47-ஆவது படை ஷ்பாண்டாவைச் சூழ்ந்தது. கோட்டைக்குள் படைவீரர்களோடு, குண்டுவீச்சுக்கு அஞ்சி ஒதுங்கிய ஏராளமான பொதுமக்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கோட்டைத் தளபதியாக இருந்தவர் பேராசிரியர் யுங்; அவருக்கு அடுத்தவர் முனைவர் கோக். இருவரும் சீருடை அணிந்திருந்தாலும் உண்மையில் அந்த ஆய்வகத்தின் விஞ்ஞானிகள். வெளியே இருந்தவர்களுக்கு அது தெரியாது. பதினாறாம் நூற்றாண்டு மதிலாக இருந்தாலும் அதைப் பாய்ந்து பிடிப்பதென்றால் இரு தரப்பிலும் பிணங்கள் குவியும். கனரகப் பீரங்கியால் அடித்தால் உள்ளே இருக்கும் குழந்தைகள் சாவார்கள்.

மே முதல் தேதி மேஜர் வசிலி கிரிஷினும் கேப்டன் விளாதிமிர் காலும் வெள்ளைக் கொடியோடு பாலத்தில் நடந்து வந்தார்கள். விளாதிமிர் கால், மாஸ்கோவில் ஜெர்மன் மொழியும் இலக்கியமும் பயின்ற இளைஞர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. வாயிலை உள்ளிருந்து அடைத்துவிட்டதால் யுங்கும் கோக்கும் மேல்மாடத்திலிருந்து நூலேணி வழியாக இறங்கி வந்து பேசினார்கள். பிறகு மேலே போய்த் திரும்பி வந்து, மற்ற அதிகாரிகள் உடன்படவில்லை என்றார்கள். மேலிடத்து ஆணையின்றிக் கோட்டையை ஒப்படைக்கும் தளபதியைச் சுட்டுவிட வேண்டும் என்று ஹிட்லரின் கட்டளை இருந்தது. சரணடைய மனம் இருந்தாலும் வாய் திறக்க எவருக்கும் துணிவில்லை.

அப்போது கிரிஷினும் காலும் எடுத்த முடிவை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்த அதிகாரிகளிடம் நாங்களே பேசுகிறோம் என்று சொல்லி, இருவரும் அந்த நூலேணியைப் பிடித்து மேலே ஏறினார்கள். நூலேணியில் ஏறுகிறவருக்கு இரண்டு கைகளும் கயிற்றில் இருக்கும், உடல் ஊசலாடும், முதுகு முழுவதும் திறந்திருக்கும். மேலே நிற்பவர் கயிற்றை அறுக்கலாம், சுடலாம், பிணையாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். போர் இன்னும் ஓரிரு நாளில் முடிந்துவிடும் என்பது ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்திருந்த நேரம். அவர்கள் கீழேயே நின்றிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உள்ளே போய், இறுகிய முகங்களோடு நின்ற அதிகாரிகளுக்கு நடுவில், கால் அவர்களுடைய மொழியிலேயே எடுத்துச் சொன்னார்: பெர்லின் விழுந்துவிட்டது, சரணடைந்தால் உயிருக்கு உத்தரவாதம் உண்டு, மறுத்தால் தாக்குதல் நடக்கும், பிற்பகல் 3 மணிவரை நேரம். பின் இருவரும் அதே ஏணியில் இறங்கித் திரும்பி நடந்தார்கள்.

3 மணி நெருங்கியும் மாடத்தில் ஒருவரையும் காணவில்லை. கடைசியில் இரண்டு ஜெர்மன் அதிகாரிகள் நூலேணியில் இறங்கி வந்து, கோட்டை சரணடைகிறது என்று அறிவித்தார்கள். அடைப்புகளை அகற்றி வாயிலைத் திறந்தார்கள். முதலில் வெளியே வந்தவர்களில் தூக்கமும் வெளிச்சமும் மறந்த பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள்.

காலமும் சூழலும் வேறு என்று சொல்லி 1806-ஐயும் 1945-ஐயும் தனித்தனியே வைத்துவிடலாம். எனக்கோ இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. 1806-இல் சரணடைந்தவருக்குத் தம் அரசின் சட்டப்படி தண்டனை கிடைத்தது. 1945-இல் சரணடைந்தவர்களும் தம் அரசின் சட்டப்படி சாவுக்குரிய குற்றத்தையே செய்தார்கள். ஆனால் அந்த அரசு காப்பாற்றத் தகுதியற்றதாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. யுங்கையும் கோக்கையும் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் ஆய்வகத்தில் உருவாக்கிக்கொண்டிருந்தது என்ன என்பதை மேலே எழுதியிருக்கிறேன். அந்த ஒரு பிற்பகலில் அவர்கள் சரியானதைச் செய்தார்கள். அதைச் செய்யும்படி அவர்களைத் தள்ளியது, ஆயுதமின்றி ஏணியில் ஏறி வந்த இருவரின் துணிவு. விளாதிமிர் கால் போருக்குப் பின் ஹாலே நகரில் சோவியத் நிர்வாகத்தின் பண்பாட்டுப் பணிகளைக் கவனித்தார். நீண்ட காலம் வாழ்ந்து 2011-இல் மறைந்தார்.

இப்போது கோட்டை அருங்காட்சியகமாக இருக்கிறது. பழைய உணவுக் கிடங்கில் பெர்லின் தெருக்களிலிருந்து அகற்றப்பட்ட சிலைகளை 2016 முதல் வைத்திருக்கிறார்கள். அரச வம்சத்தாரின் பளிங்கு உருவங்களைத் தாண்டிப் போனால், கடைசியில் லெனினின் கருங்கல் தலை பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. 1970-இல் கிழக்கு பெர்லினில் 19 மீட்டர் உயரத்தில் நின்ற சிலையின் தலை அது. 1991-இல் சிலையைப் பிரித்துக் காட்டில் புதைத்தார்கள். 2015-இல் தலையை மட்டும் தோண்டி எடுத்தார்கள். அதன் எடை மூன்றரை டன். பீடம் இல்லாமல் தரையில் கிடப்பதால் ஒரு குழந்தையும் அதன் காதருகே நின்று பார்க்க முடிகிறது. நான் இருந்த நேரத்தில் ஒரு சிறுமி அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

குளிர்காலத்தில் கொத்தளங்களின் நிலவறைகளில் ஏறத்தாழ 10,000 வௌவால்கள் வந்து உறங்குகின்றன. பீரங்கிக் குண்டைத் தாங்குவதற்காக எழுப்பிய தடித்த செங்கல் சுவர்கள், வெளியே உறைபனி இருந்தாலும் உள்ளே வெப்பநிலையை அதிகம் மாறவிடுவதில்லை. செங்கற்களின் இடுக்குகள் அவற்றுக்குத் தொங்கும் இடம் ஆகின்றன. வசந்தம் வரும்வரை எவரும் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை. மாலையில் திரும்பும்போது அகழிப் பாலத்தில் மறுபடியும் ஒருமுறை நின்று மாடத்தைப் பார்த்தேன். அதற்கும் கீழே பாலத்தின் தளத்துக்கும் இடையே உள்ள உயரத்தைக் கண்ணால் அளந்தேன். படத்தில் பார்த்தபோது நினைத்ததைவிட அது அதிகமாகவே இருந்தது.